பதினோராம் நாளும் இரண்டு வாய் இடியப்பமும்

கேள்வி: வயது 41. வெள்ளவத்தையில் இருக்கிறோம். எடை குறைப்பதற்காக, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்து இன்றோடு பதினொரு நாள். இன்னும் திரவ உணவுதான். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் வழமைபோல எடுக்கிறேன். ‘ஆறு மாதத்துக்குப் பசியே தெரியாது’ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ முந்தியதைவிடக் கூடப் பசிக்கிறது. பின்னேரம் ஐந்தரை மணி போல், கீழே கடையில் கொத்துப் போடுகிற சத்தம் தொடங்கும்போது, கை நடுங்கி வியர்த்து அப்படி ஒரு பசி. இரவில் நெஞ்சுக்குக் கீழே கிள்ளுகிறது. கேஸ்டிரிக் குளிசையை எட்டாம் நாளே நிறுத்திவிட்டேன். வயிற்றையே வெட்டி எடுத்த பிறகு கேஸ்டிரிக் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். படுத்துக்கொண்டு சமையல் வீடியோதான் பார்க்கிறேன். நேற்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு குசினிக்குப் போய் இரண்டு வாய் இடியப்பமும் சொதியும் விழுங்கிவிட்டேன். தையல் விட்டிருக்குமா? ‘கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிறவள்தானே, இதுக்கு என்ன’ என்கிறார் மாமி. வைத்தியரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ஒபரேஷன் சரிவரவில்லையா? அம்மாவின் மீன் சொதி எப்போது சாப்பிடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஐந்தரை மணிப் பசியை முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

கை நடுக்கம், வியர்வை, அதோடு அகோரப் பசி. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் கொத்து ரொட்டியில் பழி போடாதீர்கள். இரத்தத்தில் சீனி இறங்கும்போது உடம்பு அடிக்கிற மணி அது. கிளிக்ளசைட் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். மூன்று வேளை சோறும் பிட்டும் சாப்பிட்ட காலத்துக்கு என்று எழுதிக் கொடுத்த அளவை, நாளெல்லாம் பாலும் சூப்பும் குடிக்கிறவர் எடுத்தால் சீனி இறங்கத்தான் செய்யும். அதோடு, இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடை குறையத் தொடங்கும் முன்பே சீனி மட்டம் பலருக்குக் கீழே வந்துவிடும். மெட்ஃபோமின் தனியாக இப்படிச் செய்வது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும்.

இந்த ஒன்றை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் சொன்னேன். அன்று பின்னேரம் விரலில் குத்திப் பார்த்ததில் 62 (mg/dL) காட்டியது என்றீர்கள். 70க்குக் கீழே போனால் குறைவு என்றுதான் கணக்கு. உங்கள் வைத்தியர் கிளிக்ளசைட்டை நிறுத்திவிட்டார், ஐந்தரை மணிப் பசியில் முக்கால்வாசியும் அதோடு போய்விட்டது. இதே நிலைமையில் உள்ள வேறு வாசகர்களுக்காகத்தான் இங்கே திரும்ப எழுதுகிறேன். நடுக்கத்தோடு பசி வந்தால் உடனே அளந்து பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மிடறு மிடறாக, ஆனால் தாமதிக்காமல் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடவும் வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, இடியப்பத்துக்கு வருவோம்.

தையல் விட்டிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரைப்பையை வெட்டிய ஓரம் நூலால் ஒற்றை வரிசையில் தைத்ததல்ல. சிறு சிறு டைட்டேனியம் பின்களை வரிசை வரிசையாக அடித்து மூடியிருப்பார்கள். இரண்டு வாய் இடியப்பம் அதைப் பிய்த்துக்கொண்டு போவது மிக அரிது. அதற்குப் பிறகு வலி, காய்ச்சல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு எதுவும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் பரவாயில்லை என்று மூன்றாவது வாய்க்குப் போக வேண்டாம். இப்போது உங்கள் இரைப்பை ஒரு ஒடுங்கிய குழாய், உள்ளே வீங்கியும் இருக்கும். கட்டியான உணவு அதில் தங்கினால் உள்ளழுத்தம் கூடும், ஆறிக்கொண்டிருக்கிற ஓரத்துக்கு அது நல்லதில்லை. திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று வாரக் கணக்குப் போட்டு உங்களுக்குத் தாள் தந்திருப்பது அதனால்தான்.

வைத்தியரிடம் சொல்லுங்கள். வெட்கப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரத்தில் குசினிக்குள் திருட்டுத்தனமாகப் போகாதவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவர் பாண் துண்டு, இன்னொருவர் பிள்ளையின் பணிஸில் பாதி, ஒரு ஐயா அவித்த மரவள்ளி. பாண்காரர்தான் அதிகம் கஷ்டப்பட்டார். பாண் உள்ளே போய் மாவுருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், ஒபரேஷன் சரிவரவில்லையா என்ற கேள்வி. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கிற பகுதியில் இரைப்பையின் மேல் வளைவும் அடங்கும். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதி போனதும் கிரெலின் நன்றாகக் குறையும். ‘ஆறு மாதம் பசிக்காது’ என்ற கதை பிறந்தது அங்கிருந்துதான். ஆனால் கிரெலின் குடலிலும் கொஞ்சம் சுரக்கிறது. பசிக்கு அது ஒன்று மட்டும் காரணமுமல்ல. சிலருக்கு உண்மையிலேயே மாதக் கணக்கில் பசி தெரியாது, சிலருக்கு நாலாம் நாளே தெரியும். இரண்டு வகையாரும் எடை குறைகிறார்கள். பசி வந்ததால் ஒபரேஷன் பிழையாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வாக்குறுதியைக் கொடுத்துச் சத்திரசிகிச்சைக்கு ஆளை அனுப்புகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பசிக்காது என்று நம்பிப் போனவருக்குப் பசி வந்தால், பசியோடு பயமும் சேர்ந்துகொள்கிறது.

இரவில் கிள்ளுகிறதே, அதற்கு நிறுத்திவிட்ட குளிசையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். இரைப்பை சின்னதானாலும் அமிலம் சுரப்பது நிற்கவில்லை. குழாய் ஒடுங்கியிருப்பதால் அது மேலே எதுக்களிக்கவும் வாய்ப்புக் கூட. நெஞ்சுக்குக் கீழே கிள்ளல், காந்தல், பால் குடித்தால் பத்து நிமிடம் அடங்கிப் பிறகு திரும்ப வருவது என்றிருந்தால் அது பசியின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிற அமிலம். ஒமெப்பிரசோல் வகைக் குளிசையைச் சில மாதங்களுக்கு எழுதித் தருவது வழமை. காலையில் எதுவும் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன் எடுப்பது நல்லது. குளிசை பெரிதாக இருந்து விழுங்கக் கஷ்டமென்றால் நீங்களாக உடைத்தோ நசுக்கியோ போடாதீர்கள். சில வகையை உடைத்தால் மருந்து வீணாகிவிடும். மருந்துக் கடையில் கேட்டால் வேறு வடிவம் தருவார்கள். வயிறு எரிகிறதென்று டைக்ளோஃபெனாக் மாதிரியான நோக்குளிசை பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். புண் வருவதற்கு அது நேர்வழி.

இனி உங்கள் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் எங்கள் வீடுகளில் அதிகம் பிழை நடக்கிறது.

உணவு ஆலோசனை சொல்கிற இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கில உணவுத் தாளொன்றை அப்படியே தமிழாக்கி எல்லோருக்கும் கொடுத்து வந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மகள், இதில எங்கட வீட்டுச் சாமான் ஒன்றும் இல்லையே” என்றார். பிறகு அவர் வீட்டுக்குப் போய் தனக்குத் தெரிந்ததைக் குடித்தார்: சோறு வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணி, மல்லித் தண்ணி, மரக்கறி அவித்து வடித்த சூப். மூன்றாம் கிழமை தலைசுற்றலோடும் அடங்காத பசியோடும் வந்து நின்றார். பிழை என்னுடையதுதான்.

கடிதத்தோடு நீங்கள் தனியாக எழுதியனுப்பிய பட்டியலும் கிட்டத்தட்ட அதுவே. காலையில் கஞ்சி, பதினொரு மணிக்குப் பருப்புத் தண்ணி, மத்தியானம் சொதியின் தெளிவு, இரவு சூப். அன்பாகச் செய்து தருகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கஞ்சியில் இருப்பது மாச்சத்து. பருப்பின் புரதம் பானையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது, மேலே தெளிந்த தண்ணியில் சொல்லும்படி ஒன்றுமில்லை. சொதியில் தேங்காய்க் கொழுப்பு இருக்கிறது, புரதம் இல்லாத மாதிரித்தான். இந்த நாலையும் நாள் முழுக்கக் குடித்தாலும் பத்துக் கிராம் புரதம் தேறுவது சந்தேகம். உங்களுக்கு வேண்டியது நாளொன்றுக்கு அறுபதிலிருந்து எண்பது கிராம். புண் ஆறுவதற்கும் தசை கரையாமல் இருப்பதற்கும் அது வேண்டும். பசியை நெடுநேரம் தணித்து வைப்பதும் புரதம்தான்.

கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை. கொழுப்பு நீக்கிய பால்மா 100 கிராமில் ஏறக்குறைய 35 கிராம் புரதம். வழமையாகக் கரைக்கிறதைவிடக் கொஞ்சம் தடிப்பாக, 200 மில்லி லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து மேசைக்கரண்டி தலைதட்டிப் போட்டுக் கட்டியில்லாமல் அடித்தால், ஒரு கோப்பையில் 12 கிராம் வந்துவிடும். சீனி வேண்டாம். ஏலக்காய் ஒன்று தட்டிப் போடலாம். ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டும் குடிக்கலாம். மூன்று கோப்பை என்றால் 36 கிராம். மருந்துக் கடையில் கிடைக்கிற புரத மாவில் ஒரு அளவுக் கரண்டி 20 கிராமுக்குக் குறையாது, வாங்கும்போது டின்னின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். மிச்சத்துக்குக் கோழிச் சூப் இருக்கிறது. ஆனால் எலும்பை மட்டும் அவித்து வடித்தால் மணம்தான் வரும். நெஞ்சுப் பகுதி இறைச்சியை நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரோடே பிளென்டரில் நுணுக்க அடித்து, கண் சிறிய வடியில் வடியுங்கள். வடியில் மிஞ்சுகிற நாரை மற்றவர்களின் கறிக்குக் கொடுத்துவிடுங்கள். மிளகு ஒரு துளி போதும், கொச்சிக்காய் வேண்டவே வேண்டாம். பால் குடித்ததும் வயிறு இரைந்து கழிகிறது என்றால் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்குப் பாற்சீனி ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு சோயா வகைக்கு மாறலாம்.

எவ்வளவு சரியாகச் செய்தாலும் திரவம் வயிற்றில் தங்காது. ஒரு கோப்பை பால் உங்கள் குழாயைச் சீக்கிரம் கடந்துவிடும். திருப்தி வருவது மசித்த உணவு தொடங்கிய பிறகுதான். இந்த இரண்டு கிழமையில் ‘வயிறு நிறைந்தது’ என்ற உணர்வைத் தேடாதீர்கள், கிடைக்காது.

தாகத்தையும் பசி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கொழும்பின் வெக்கையில், காற்றில்லாத மாடிவீட்டில் இருந்துகொண்டு, ஒரே மூச்சில் அரைக் கோப்பைகூடக் குடிக்க முடியாத நிலையில் உடம்பு காய்வது எளிது. பாணி மருந்தோடு வருகிற சின்ன அளவுக் கோப்பை வீட்டில் இருக்கும்தானே. முப்பது மில்லி லீற்றர் கோடு போட்டது ஒன்றை எடுத்துவையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த அளவு, அதையும் இரண்டு மூன்று மிடறாக. பத்து மணி நேரத்தில் 1.8 லீற்றர் ஆகிவிடும், நாளுக்கு அது போதும். பாலும் சூப்பும் அதில் சேர்த்தி. தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். உங்கள் சின்ன மகளைக் கணக்குப்பிள்ளை ஆக்கினால் இன்னும் நல்லது. சோடா வேண்டாம். ஸ்ட்ரோவும் வேண்டாம், காற்று உள்ளே போகும். சாயம் கூடாமல் இளசாகப் போட்ட பிளேன்டீக்கு உங்கள் தாளில் இடமிருந்தால் குடியுங்கள். செவ்விளநீரில் சீனி உண்டு, உங்களுக்கு அது மருந்தளவுதான்.

இனிச் சமையல் வீடியோ. அதை நிறுத்துங்கள் என்று அதட்டப் போவதில்லை. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்களின் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக. அதுவரை சமையலைத் திரும்பியும் பார்க்காத ஆண்கள் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். இரவும் பகலும் சாப்பாட்டுப் பேச்சுத்தான். குறைவாகச் சாப்பிடுகிற மூளை அப்படித்தான் வேலை செய்யும். நீங்கள் வாயைக் கட்டத் தெரியாதவர் என்பதற்கு அது சாட்சியல்ல. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு மட்டன் ரோல்ஸ் பொரிவதைப் பார்த்தால் தூக்கம் வராது, அதனால் ஒன்பது மணிக்குப் பிறகு தொலைபேசியை மாமியிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

மாமி சொன்ன கந்தசஷ்டியை நான் சும்மா விடப் போவதில்லை. விரதம் நீங்களாக எடுத்துக்கொள்கிறது. வீட்டில் எல்லோரும் அந்த ஒழுங்கில் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, ஏழாம் நாள் பாறணை இருக்கிறது. இப்போது நீங்கள் இருக்கிற நிலைமைக்கு முடிவு நாள் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே புண்ணும் ஆறவேண்டும். மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: விரதத்தில் சாப்பிடாமல் இருப்பது புண்ணியம், இங்கே புரதம் குடிக்காமல் இருப்பது பிழை. இந்த ஆண்டு விரதமோ நோன்போ வேண்டாம். அடுத்த ஆண்டு வைத்தியரைக் கேட்டுவிட்டுப் பார்க்கலாம்.

மற்றவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் மேசையில் உட்கார வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறமுன் மரைன் டிரைவில் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடங்கள், கால் நாளங்களில் இரத்தம் உறையாமல் இருக்கவும் அது உதவும். பின்னேரம் அந்தப் பக்கம் வேண்டாம், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். கொத்துச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்துவதைவிட, அந்த நேரத்துக்கென்றே ஒரு கோப்பை தடிப்பான பாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியுங்கள். ஆசை அலை மாதிரி வந்து எழும்பும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். கையில் கோப்பை இருந்தால் அந்த நேரம் கடந்துபோகும்.

இதற்கிடையில் பசியைவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குறிகள் சில உண்டு. சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல் அடிப்பது, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டு போகிற வயிற்று வலி அல்லது இடது தோள் வலி, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது, தண்ணீர்கூட உள்ளே தங்காத வாந்தி. வண்டி பிடிக்கத் தாமதமானால் 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஸ்லீவ் செய்து எத்தனை நாள் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வாந்தி நாட்கணக்கில் தொடர்ந்தால் உயிர்ச்சத்து பி1 இறங்கி, பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் வரலாம். அதுவும் அவசரம்தான். தந்த விற்றமினை ஒரு நாளும் விடாதீர்கள்.

கடைசி வரியில், அழித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தீர்கள்: அம்மாவின் மீன் சொதி எப்போது என்று. வைத்தியர் மசித்த உணவுக்குச் சம்மதம் தந்ததும், பெரும்பாலும் மூன்றாம் கிழமையில். பாரை மீன் ஒரு துண்டு, தோலும் முள்ளும் நீக்கி ஆவியில் அவித்து, கரண்டியின் பின்பக்கத்தால் பசை மாதிரி மசித்து, மூன்றாம் பாலில் வைத்த சொதியில் இரண்டு தேக்கரண்டி விட்டுக் குழையுங்கள். முதல் நாள் நாலு தேக்கரண்டி, அவ்வளவுதான். பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற சின்னக் கரண்டியால் இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ விக்கலோ வந்தால் அந்த இடத்திலேயே கரண்டியை வைத்துவிடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். தேசிக்காய் இரண்டு சொட்டு விடலாமா என்று அம்மா கேட்பார். விடலாம்.